விசில் சத்தம் கேட்காத மைதானம்

மினியாபொலிஸ் நகரிலிருந்து வடமேற்கே, இன்டர்ஸ்டேட் 94 நெடுஞ்சாலையில் சுமார் ஒன்றேகால் மணி நேரப் பயணம். புறநகர் வீடுகள் முடிந்ததும் சோள வயல்கள். அவற்றுக்கு நடுநடுவே சின்னச் சின்ன ஏரிகள். செயின்ட் க்ளவுட் ஊரைத் தாண்டிச் சில மைல் போனதும் காடு ஆரம்பிக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி அந்தக் காட்டுப் பாதையில் திரும்பினால், மரங்களுக்கு மேலே பிரம்மாண்டமான கான்கிரீட் பலகை ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் நடுவில் சிலுவை, கீழே வரிசையாக மணிகள். உயரம் 112 அடி.

இடத்தின் பெயர் காலேஜ்வில். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறது. பெயருக்கேற்றபடி, ஊர் என்று சொல்ல இங்கே கல்லூரியும் மடமும்தான். பெனடிக்ட் சபைத் துறவிகள் 1856-ல் இந்தப் பகுதிக்கு வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய கத்தோலிக்க விவசாயக் குடும்பங்களுக்குக் கோயிலும் பள்ளியும் அமைத்துத் தருவது அவர்கள் நோக்கம். அடுத்த வருடமே கல்லூரியும் தொடங்கியது. அதுதான் இன்றைய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவுதான், இளங்கலையில் எல்லோரும் ஆண்கள். சில மைல் தூரத்தில் செயின்ட் ஜோசப் என்ற ஊரில் பெண்களுக்கான செயின்ட் பெனடிக்ட் கல்லூரி இருக்கிறது. இரண்டு கல்லூரி மாணவர்களும் பஸ்ஸில் போய்வந்து ஒன்றாகவே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இங்கே வருபவர்கள் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள், மார்சல் ப்ராயர் வடிவமைத்து 1961-ல் கட்டி முடிக்கப்பட்ட மடத்துத் தேவாலயத்தைப் பார்க்க வருவார்கள். தேன்கூடு போன்ற அதன் வடக்குச் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி. புத்தகப் பிரியர்கள், முழு பைபிளையும் தோலில் கையால் எழுதி, ஓவியம் தீட்டிய 'செயின்ட் ஜான்ஸ் பைபிள்' பக்கங்களுக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பார்கள். இங்குள்ள ஹில் சுவடி நூலகம் உலகெங்கும் அழியும் நிலையில் இருக்கும் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படமெடுத்துப் பாதுகாக்கிறது. நமக்குப் பக்கத்து மாநிலமான கேரளத்துத் தேவாலயங்களின் சிரியாக் சுவடிகளும் அவற்றில் உண்டு. வசந்த காலம் தொடங்கும்போது துறவிகள் மேப்பிள் மரங்களில் துளையிட்டு, வடியும் நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள்.

ஆனால் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை மதியம் இங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்தக் கூட்டம் தேவாலயத்துக்கோ நூலகத்துக்கோ வந்தது அல்ல. க்ளெமென்ஸ் ஸ்டேடியத்துக்கு வந்தது.

மூன்று பக்கமும் மரங்கள் சூழ்ந்த சரிவு, நடுவே கிண்ணம்போல ஒரு மைதானம். பைன் மரங்களின் பச்சைக்கு இடையே மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்திருக்கும். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். மற்றவர்கள் புல் சரிவில் போர்வை விரித்துக்கொள்வார்கள். இந்த மைதானத்தின் ஓரத்தில் 60 வருடங்கள் ஒரே மனிதர் கோச்சாக நின்றார். அவர் பெயர் ஜான் கலியார்டி. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற கோச் அவர்தான்.

முட்டை வடிவப் பந்தும் மோதலும்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. பந்துடன் கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 பாயின்ட்.

பந்துடன் ஓடுபவரை எதிரணி ஆள் பாய்ந்து மோதிக் கீழே தள்ளுவார். இதற்கு 'டேக்கிள்' என்று பெயர். ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டிருந்தாலும், நூறு கிலோ உடம்புகள் வேகமாக வந்து மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முட்டி உடையும், தோள் விலகும், மூளை குலுங்கும்.

அதனால் இந்த ஆட்டத்துக்குப் பயிற்சி என்றால் ராணுவப் பயிற்சி மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. கோச் கத்துவார், திட்டுவார், விசில் ஊதுவார். வெயிலில் மணிக்கணக்கில் ஓடவிடுவார். தண்ணீர் கேட்டால் தரமாட்டார். தண்ணீர் குடிப்பவன் பலவீனமானவன் என்பது அன்றைய நம்பிக்கை. 'அடித்து வளர்த்தால்தான் ஆணாவான்' என்பதில் கோச்சுகளுக்கும் பெற்றோருக்கும் கருத்து வேறுபாடே இருக்கவில்லை.

அந்த நம்பிக்கையில் கை வைத்தவர் 16 வயதுப் பையன் ஒருவன்.

கோச் போருக்குப் போனார்

கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் டிரினிடாட் என்று ஒரு மலையடிவார ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். கலியார்டியின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். இரும்படிக்கும் கொல்லர். பிற்பாடு அடிபட்ட கார்களைத் தட்டிச் சீராக்கும் பட்டறை வைத்தார். 1926 நவம்பர் 1 அன்று பிறந்த ஜான், படிப்பு முடிந்ததும் அந்தப் பட்டறைக்குப் போய்விடுவான் என்றுதான் வீட்டில் எதிர்பார்ப்பு.

1943. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. ஜான் படித்த கத்தோலிக்கப் பள்ளியின் ஃபுட்பால் கோச்சுக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. 'இந்த வருடம் ஃபுட்பால் வேண்டாம், டீமைக் கலைத்துவிடலாம்' என்று பள்ளி நிர்வாகம் நினைத்தது. டீம் கேப்டன்களில் ஒருவரான ஜான் போய்ப் பேசினார். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றார். நிர்வாகமும் சரி என்றது.

கையில் அதிகாரம் வந்ததும் அவர் முதலில் செய்தது, தனக்குப் பிடிக்காதவற்றை நீக்கியது. உடம்பை வதைக்கும் உடற்பயிற்சிகள் போயின. காரணமில்லாத ஓட்டங்கள் போயின. பயிற்சியில் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவது போயிற்று. தாகமெடுத்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள். மிச்ச நேரத்தில் ஆட்டத்தின் நகர்வுகளைத் திரும்பத் திரும்பப் பழகினார்கள்.

அந்த டீம் ஜெயித்தது.

பள்ளி முடிந்தும் அவர் பட்டறைக்குப் போகவில்லை. கொலராடோ ஸ்ப்ரிங்ஸ் நகரில் கல்லூரியில் படித்துக்கொண்டே அங்கிருந்த ஒரு பள்ளிக்குக் கோச்சாக இருந்தார். 1949-ல் பட்டம் வாங்கியதும் மொன்டானா மாநிலத்தின் ஹெலெனா ஊரிலுள்ள கேரல் கல்லூரி வேலைக்கு அழைத்தது. வயது 22. நான்கு சீசன்களில் 24 வெற்றி, 6 தோல்வி, 1 டிரா. மூன்று முறை கான்ஃபரன்ஸ் பட்டம்.

'இங்கே ஜெயிக்க முடியாது'

1953-ல் செயின்ட் ஜான்ஸ் துறவிகள் அவரைக் காலேஜ்வில்லுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அவருக்கு முன் கோச்சாக இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. ஜானி 'பிளட்' மெக்நாலி. கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பழைய நட்சத்திரம். தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் முதல் வருடமே இடம் பிடித்தவர். போகும்போது அவர் புதியவரிடம், இந்த இடத்தில் யாராலும் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்குப் படிப்புச் செலவு மொத்தத்தையும் கொடுத்து இழுத்துக்கொள்ளும். அவர்களுடைய ஸ்டேடியங்களில் எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் உட்காருவார்கள். டி.வி. உரிமத்தில் கோடிக்கணக்கான டாலர் வரும். கோச்சின் சம்பளம் சில மாநிலங்களில் கவர்னர் சம்பளத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

செயின்ட் ஜான்ஸ் அந்த உலகத்தைச் சேர்ந்தது அல்ல. பின்னாளில் 'டிவிஷன் 3' என்று வகுக்கப்பட்ட சிறு கல்லூரிகளின் வரிசையில் அது வரும். அங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரக் கூடாது என்பது விதி. விளையாடுபவரும் மற்ற மாணவர்களைப் போலத்தான் ஃபீஸ் கட்டுவார். படிப்பு முடிந்தால் டாக்டராகவோ வாத்தியாராகவோ விவசாயியாகவோ போவார். ஆசைக்காக மட்டும்தான் ஆட்டம்.

26 வயதில் வந்த கலியார்டி முதல் சீசனிலேயே கான்ஃபரன்ஸ் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த சில வருடங்கள் மடத்துக் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி டீமுக்கும் அவரே கோச். மலைநாட்டுச் சுரங்க ஊரில் வளர்ந்தவருக்கு ஹாக்கியில் பெரிய பழக்கம் கிடையாது. இருந்தும் அந்த டீமும் தோற்றதைவிட ஜெயித்ததுதான் அதிகம்.

'இல்லை'களின் பட்டியல்

கலியார்டியின் முறையை அவர் எழுதி வைத்த பட்டியல் ஒன்றே சொல்லிவிடும். அதில் எல்லா வரியும் 'இல்லை' என்றுதான் இருக்கும். காலப்போக்கில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதிலிருந்து சில:

- பயிற்சியில் டேக்கிள் இல்லை.
- விசில் இல்லை.
- ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை.
- மோதிப் பழகும் பொம்மைகள், தள்ளிப் பழகும் இரும்புச் சட்டங்கள் இல்லை.
- கட்டாய எடைப் பயிற்சி இல்லை.
- புதிதாக வந்தவர்களைக் கேலிவதை செய்வது இல்லை.
- வந்த யாரையும் டீமிலிருந்து கழிப்பது இல்லை.
- திட்டுவது, கத்துவது இல்லை.
- மழை, கடுங்குளிர், கொசுத் தொல்லை இருந்தால் வெளியே பயிற்சி இல்லை.

கடைசி வரியைப் படித்துச் சிரிப்பவர்கள் மினசோட்டா கொசுவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் அமெரிக்கர்களையே திகைக்க வைத்த இன்னொரு 'இல்லை' உண்டு. அவரை யாரும் 'கோச்' என்று கூப்பிடக் கூடாது. அந்த நாட்டில் பெற்றோரின் நண்பர்களைக்கூடப் பெயர் சொல்லி அழைத்துவிடுவார்கள். ஆனால் கோச்சை மட்டும் அப்படி அழைக்க மாட்டார்கள். 'கோச்' என்பது டாக்டர், நீதிபதி போல ஒட்டிக்கொண்ட பட்டம். பள்ளியில் சொல்லிக்கொடுத்தவரை நாற்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் 'கோச்' என்றுதான் வாயில் வரும். இங்கே மட்டும் 18 வயதுப் பையன் 80 வயது மனிதரை 'ஜான்' என்று கூப்பிட்டான்.

பயிற்சியின் தொடக்கத்தில் நடக்கும் ஒரு சடங்கு ரொம்பப் பிரபலம். வரிசையாக நின்று எல்லோரும் புல்லில் மல்லாந்து படுப்பார்கள். வானத்தைப் பார்ப்பார்கள். 'எவ்வளவு அழகான நாள்!' என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வார்கள். அவ்வளவுதான், உடற்பயிற்சி முடிந்தது. கடுமையான பயிற்சி முறைகளைக் கிண்டல் செய்யத்தான் இது ஆரம்பித்தது. ஆனால் அக்டோபர் மாதம் அந்தச் சரிவில் படுத்து மேலே பார்த்தால், கிண்டலில் பாதிதான் கிண்டல் என்று புரியும்.

அப்படியானால் ஜெயித்தது எப்படி?

இதைக் கேட்காத பத்திரிகைக்காரர் இல்லை. எதிரணி கோச்சுகளும் வெகுகாலம் இதை நம்பவில்லை. ஏதோ ரகசியம் இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

கலியார்டியின் கணக்கு எளிமையானது. டேக்கிள் செய்யத் தெரியாதவன் கல்லூரிக்கு ஃபுட்பால் ஆட வரவே மாட்டான். எனவே அதைத் தினமும் பழக வேண்டிய அவசியம் இல்லை. ஓடுபவன் எங்கே வருவான் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரியான இடத்தில் போய் நிற்பதுதான் கஷ்டம். அதைப் பழக்க மோதல் தேவையில்லை. கண்ணும் மூளையும் போதும்.

அதனால் ஒன்றரை மணி நேரம் முழுக்க ஆட்டத்தின் நகர்வுகளையே திருப்பித் திருப்பி ஆடவைத்தார். தப்பு நடந்தால் நிறுத்தி, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அமைதியாகச் சொல்லி, மறுபடியும் ஆடவைப்பார். தடிமனான விதிப் புத்தகம் எதையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மைதானத்தில் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் குவார்ட்டர்பேக், எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து ஆட்டத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

பலன் சனிக்கிழமை தெரிந்தது. மற்ற டீம்கள் வாரம் முழுக்கத் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டு, அடிபட்ட ஆட்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தன. செயின்ட் ஜான்ஸ் ஆட்கள் உடம்பு நோகாமல், ஆடும் ஆசையோடு வந்தார்கள். யாரையும் கழிக்காததால் டீமில் 150 பேருக்கு மேல் இருந்த வருடங்களும் உண்டு. களத்தில் 11 பேர்தான் என்றாலும் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை.

1963-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில், சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்ட இறுதி ஆட்டம். எதிரே டெக்சாஸின் ப்ரேரி வியூ கல்லூரி. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பேர் வாங்கிய வீரர்கள் இருந்த அணி அது. செயின்ட் ஜான்ஸ் 33-27 என்று ஜெயித்தது. 1965-லும் 1976-லும் மறுபடி தேசியப் பட்டம். இருந்த 60 வருடங்களில் 27 முறை கான்ஃபரன்ஸ் பட்டம்.

பெரிய கல்லூரிகளுக்குப் போயிருந்தால் பணமும் புகழும் பல மடங்கு கிடைத்திருக்கும். அவர் போகவில்லை. இங்கேயே கல்யாண வாழ்க்கை, இங்கேயே நான்கு பிள்ளைகள். பிள்ளைகளில் ஒருவர் பிற்பாடு அப்பாவிடமே ஆடி, அவருக்கே துணைக் கோச்சாகவும் ஆனார். ஃபுட்பால் பயிற்சி பற்றி கலியார்டி ஒரு வகுப்பும் எடுத்தார். அதில் ஃபுட்பாலைத் தொட்டுப் பார்க்காத மாணவிகள்கூட வந்து சேருவார்கள். இவ்வளவு விநோதமான மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேடட் பத்திரிகையின் எழுத்தாளர் ஒருவர் குடும்பத்தோடு இங்கே வந்து ஒரு சீசன் முழுக்கத் தங்கிப் புத்தகமே எழுதினார்.

409-வது வெற்றி

கல்லூரி ஃபுட்பாலில் 408 வெற்றிகள் என்ற சாதனை எடி ராபின்சனுடையது. லூசியானாவின் கிராம்ப்ளிங் ஸ்டேட் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியில், நிறவெறி உச்சத்தில் இருந்த 1941-ல் தொடங்கி 1997 வரை கோச்சாக இருந்தவர் அவர். பெரிய பல்கலைக்கழகங்கள் கதவை மூடிய இளைஞர்களைத் தேசமே திரும்பிப் பார்க்கும் ஆட்டக்காரர்களாக்கியவர். ஒரே சிறு கல்லூரியில் ஆயுளைக் கழித்த இன்னொரு மனிதர்.

2003 நவம்பர் 8. க்ளெமென்ஸ் ஸ்டேடியத்தில் பெத்தெல் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். இருக்கைகள் நிறைந்து, சரிவெங்கும் ஜனம். கலியார்டிக்கு அப்போது 77 வயது. கடைசிவரை இழுபறி. 29-26. மூன்றே பாயின்ட் வித்தியாசத்தில் 409-வது வெற்றி வந்தது.

அதோடு நிற்கவில்லை அந்த சீசன். டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலம் நகரில் டிவிஷன் 3 இறுதி ஆட்டம். எதிரணி ஒஹாயோவின் மவுன்ட் யூனியன். தொடர்ந்து 55 ஆட்டங்கள் தோற்காத அணி. செயின்ட் ஜான்ஸ் 24-6 என்று வீழ்த்தியது. 14 ஆட்டங்களில் 14 வெற்றி. மல்லாந்து படுத்து வானம் பார்த்த பையன்கள்தான் அவர்கள்.

2006-ல் கல்லூரி ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார். ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று அதுவரை இருந்த வழக்கம் மாறி, பணியில் இருக்கும்போதே சேர்க்கப்பட்ட முதல் கோச்சுகள் இருவர். புகழ்பெற்ற ஃப்ளோரிடா ஸ்டேட் கோச் பாபி பவுடன் ஒருவர், இவர் இன்னொருவர். டிவிஷன் 3-ன் சிறந்த ஆட்டக்காரருக்கு 1993 முதல் தரப்படும் விருதுக்கும் கலியார்டி பெயர்தான். ஆட்டத்தோடு படிப்பையும் சமூக சேவையையும் பார்த்துத்தான் அதைத் தருகிறார்கள்.

எப்போது நிறுத்துவது?

வெற்றிக் கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். வாழ்க்கை அப்படி முடிவதில்லை.

எண்பதைத் தாண்டியும் அவர் மைதானத்தின் ஓரத்தில் நின்றார். பழைய வேகத்தில் வெற்றிகள் வரவில்லை. பரம எதிரியான செயின்ட் தாமஸ் அணி பலமாகிக்கொண்டே வந்தது. 2012 சீசனில் 5 வெற்றி, 5 தோல்வி. ஒரு காலத்தில் பட்டம் வாங்காவிட்டாலே வருத்தப்பட்ட ரசிகர்களுக்கு அது பழக்கமில்லாத கணக்கு. அந்த நவம்பரில், 86 வயதில், போதும் என்று சொன்னார்.

கல்லூரி அளவில் மொத்தம் 64 சீசன்கள். 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. அலபாமாவின் பேர் பிரையன்ட் என்ற பெயர் அமெரிக்காவில் தெரியாதவர் இல்லை. அவருடைய வெற்றிகள் 323. கலியார்டியின் பெயரை மினசோட்டாவுக்கு வெளியே பலர் கேள்விப்பட்டதே இல்லை.

2018 அக்டோபர் 7 அன்று, 91 வயதில் அவர் காலமானார். ஃபுட்பால் சீசன் நடந்துகொண்டிருந்தது. மேப்பிள் இலைகள் பழுத்திருந்த நேரம்.

உலகம் பின்னால் வந்தது

அவர் வாழ்ந்த காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. ஃபுட்பால் ஆடியவர்களின் மூளையை ஆராய்ந்த டாக்டர்கள், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடி பல வருடம் கழித்து மறதியையும் மனநோயையும் கொண்டுவரலாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய மோதல் மட்டும் அல்ல, தினமும் பயிற்சியில் படும் சின்னச் சின்ன இடிகளும் சேர்ந்துகொண்டே போகும் என்றார்கள். அமெரிக்காவெங்கும் பெற்றோர் பயந்தார்கள்.

டார்ட்மத் கல்லூரி கோச் பட்டி டீவன்ஸ் 2010-ல் பயிற்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதை நிறுத்தினார். 2016-ல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீக் கோச்சுகள், சீசன் நடக்கும் மாதங்களில் பயிற்சியில் முழு மோதல் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். பத்திரிகைகள் இதைப் புதுமை என்று எழுதின. காலேஜ்வில்காரர்கள் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். அவர்கள் ஊர் மைதானத்தில் 1953-லிருந்தே அதுதானே நடந்தது!

டிரினிடாட் பள்ளி மைதானத்தில் அந்த 16 வயதுப் பையனுக்கு மூளை ஆராய்ச்சி எதுவும் தெரியாது. நண்பனுக்குத் தாகமெடுத்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வலியோடு எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. தனக்கு எப்படி நடந்தால் பிடிக்குமோ அப்படியே மற்றவர்களையும் நடத்து என்பதுதான் தன் ஒரே விதி என்று பின்னாளில் அவர் சொல்வார். துறவிகளுக்கும் அவருக்கும் 60 வருடம் ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. வருகிற விருந்தாளி யாராக இருந்தாலும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்பது அவர்கள் சபையின் ஆயிரத்து ஐந்நூறு வருட வழக்கம்.

போனால் என்ன பார்க்கலாம்?

செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை போவது நல்லது. இலைகள் நிறம் மாறும் காலம் அது. நவம்பரில் குளிர் எலும்பைத் தொடும். மினியாபொலிஸிலிருந்து காரில் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம். தங்க ஆசைப்படுபவர்களுக்கு மடத்தின் விருந்தினர் இல்லம் இருக்கிறது.

முதலில் தேவாலயம். துறவிகள் நாள்தோறும் கூடிப் பாடும் வேளைகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். அடுத்து சுவடி நூலகமும் கையெழுத்து பைபிளும். பிறகு சாகடாகன் ஏரிக்கரையில் காட்டுப் பாதை வழியாக ஒரு நடை. ஏரியின் மறுகரையில் 'ஸ்டெல்லா மாரிஸ்' என்ற சின்னக் கோயில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் கல்லூரிக் கட்டடங்கள் தெரியும். மடத்துக்குச் சொந்தமான இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடும் ஏரியும் இது.

கடைசியாக ஸ்டேடியம். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை என்றால் சிவப்புச் சட்டைக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் கலியார்டியிடம் ஆடிய அல்லது அவர் ஆட்டம் பார்த்த குடும்பங்கள் அங்கே நிறைய. அவருக்குப் பிறகு வந்த கோச் கேரி ஃபாஷிங்கும் மாணவராக அவரிடம் ஆடி, பல வருடம் அவருக்கு உதவியாக இருந்து, 2013-ல் பொறுப்பேற்றவர்தான்.

ஆட்டம் இல்லாத நாளில் போனாலும் நஷ்டமில்லை. மரங்கள் சூழ்ந்த சரிவில் ஆளே இருக்காது. காற்றில் இலை உதிரும் சத்தம் மட்டும் கேட்கும். மடத்து மணி அடித்தால் அதுவும் கேட்கும். புல் காய்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக மல்லாந்து படுக்கலாம்.

பக்கத்தில் யாராவது இருந்தால், 'எவ்வளவு அழகான நாள்!' என்று சொல்ல மறக்க வேண்டாம். அன்றைய பயிற்சி முடிந்தது.